மூலிகை என்று சொல்லிக் கொடுத்த மாத்திரை

ஜூடி ராஜபாளையத்தில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். மணப்பெண் அலங்காரத்தில் செட்டியார்பட்டி வரைக்கும் அவளுக்குப் பெயர் உண்டு. அவளுக்குச் சொரியாசிஸ் வந்தது. முழங்கைகளில் தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிர்ந்தது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சுடிதாரோடுதான் வேலை செய்தாள்.

ஒரு கல்யாண வீட்டில், பெண்ணுக்குப் பூ வைக்கும்போது சுடிதாரின் கை மேலேறிவிட்டது. பெண்ணின் தாய் பார்த்துவிட்டாள்.

"ஒட்டிக்கிற சீக்க வச்சுக்கிட்டா எம்மக மூஞ்சியத் தொட்ட?"

சொந்தபந்தம் அத்தனையும் வேடிக்கை பார்க்க, ஜூடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மறுநாளே ராஜரத்தினத்திடம் போனாள். எல்லாத் தோல் நோயும் தீரும் என்று பலகை மாட்டியிருப்பவன். "சுத்தமான மூலிகைம்மா. அடியோட போயிரும்" என்று மாத்திரை கொடுத்தான். சில வாரங்களில் தோல் வழுவழுப்பானது. அந்தச் சந்தோஷத்தில் தன் வாடிக்கைக்காரிகள் சிலரையும் ஜூடியே அவனிடம் கூட்டிப்போனாள்.

குணமாகிவிட்டதென்று மாத்திரையை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் உச்சந்தலை முதல் பாதம் வரை வெந்ததுபோல் சிவந்து, உடம்பு வெடவெடவென நடுங்கியது. கணவன் எபனேசர் அவளை ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் சேர்த்தான்.

தோல் டாக்டர் கார்த்திகா அந்த மாத்திரையைச் சோதனைக்கு அனுப்பினார். ஸ்டீராய்டு என்று முடிவு வந்தது.

"தோல் செல்லு அடியில பிறந்து, முதிர்ந்து, மேல வந்து உதிர ஒரு மாசம் போல ஆகும்மா. எப்ப வளரணும், எப்ப முதிரணும்னு அதுக்குச் சேதி சொல்றது சில புரதங்கள்தான். உங்க உடம்புல நோய் எதிர்ப்பு அணுக்கள் அந்தச் சேதிய அளவில்லாம அனுப்புது. தோலும் அவசரப்பட்டு, சில நாள்லயே முதிராத செல்ல மேல தள்ளுது. அதுதான் செதில். ஸ்டீராய்டு அந்தச் சேதிய அமுக்கி வச்சிருந்துச்சு. திடீர்னு நிறுத்தவும் மொத்தமாக் கிளம்பிருச்சு."

"இது ஒட்டுமா டாக்டர்?"

"யாருக்கும் ஒட்டாது."

ஜூடிக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையை யாராவது முன்பே சொல்லியிருந்தால் ராஜரத்தினத்திடம் போயே இருக்க மாட்டாள்.

உடம்பு தேறியதும் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நேராக ராஜரத்தினத்தின் கடைக்குப் போனாள்.

"ஏலே, மூலிகைன்னா சொன்ன?"

"சத்தம் போடாதம்மா, உள்ள வா, பேசிக்கலாம்" என்றான் அவன்.

அவள் உள்ளே போகவில்லை. காத்திருந்தவர்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து, செதில் இன்னும் அடங்காத இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள். "இவன் குடுக்குறது ஸ்டீராய்டு. சொல்லாமக் குடுக்கான். டக்குனு நிறுத்திராதீக, என்னைய மாதிரி ஆயிரும். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க."

அவன் ஃபோன் போட்டுப் போலீசை அழைத்தான். வந்த போலீஸ்காரர் முதலில் அவளைத்தான் எழுந்திருக்கச் சொன்னார். அவள் சோதனை முடிவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் சொல்லி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்தார்கள். கடைக்குச் சீல் வைத்தார்கள்.

நோய் முழுதாகப் போகவில்லை. டாக்டர் தந்த மாத்திரையில் அடங்கியிருக்கிறது. வாடிக்கைக்காரிகளில் பாதிப் பேர் பார்லருக்குத் திரும்பி வரவில்லை. ராஜரத்தினத்திடம் தான் கூட்டிப்போனவர்களை ஒவ்வொருவராக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அழைத்துப்போனாள். திட்டியவர்களையும் விடவில்லை.

போன மாதம், ராஜரத்தினம் சுந்தரபாண்டியத்தில் வேறு பெயரில் கடை திறந்திருப்பதாகச் செய்தி வந்தது.

"விட்டுரு ஜூடி, இப்பத்தான் நிம்மதியா இருக்க" என்றான் எபனேசர்.

"நீங்க இருங்க நிம்மதியா" என்று சொல்லிவிட்டு, பார்லரைப் பூட்டிக்கொண்டு சுந்தரபாண்டியம் பஸ் ஏறப் போனாள்.