கம்பெனிக்காக அப்பா உதைத்த பந்து

“…அப்ப நான் தடுக்கல, நீதான் விட்டுக் குடுத்தே. சந்து மொத்தமும் அதைத்தான் சொல்லுது. நீயும் வாயைத் தொறக்காம உக்காந்திருக்கே பாரு, அதான் மச்சான் எனக்கு ஆறல.”

அம்மாவின் தம்பி, என் தாய்மாமா, அப்பாவிடம் இப்படிச் சொன்னபோது எங்கள் வாசலில் தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. அப்பா கழுத்தில் சாமந்தி மாலையோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தோற்ற டீமில் ஆடியவருக்கு, ஜெயித்த டீம்காரர்கள் போட்ட மாலை அது. அப்படியொன்றை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அல்சூர் ஏரிக்குப் பின்னால் எங்கள் சந்து. சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது; நான் பாவாடை கட்டிய சின்னப் பெண். சந்துக்கென்று ஒரு ஃபுட்பால் டீம் இருந்தது. அப்பா கோல் போடுவார், மாமா கோலில் நிற்பார். “அது காலு இல்லப்பா, கடப்பாரைக்குத் தோல் போத்தி வெச்சிருக்கான்” என்பார் டீக்கடைக்காரர், அப்பாவைப் பற்றி. மாமாவைப் பற்றிச் சொல்வது வேறு: “பொழுது சாஞ்சா கோழி தானா கூண்டுக்கு வரும்ல, பந்து அவன் கைக்கு அப்படி வருது.” பள்ளிக்கூடத்தில் கற்றதெல்லாம் மறந்துவிட்டது. இந்த வாய்கள் சொன்னது ஒன்றும் மறக்கவில்லை.

மரமண்டியில் தினக்கூலிக்குக் கட்டை தூக்கிய அப்பாவை ஒரு பெரிய தொழிற்சாலை அழைத்துக்கொண்டது. காரணம், அவர் கால். வேலை ஸ்டோர்ஸில், ஆட்டம் கம்பெனி டீமில். நன்றாக ஆடினால் பர்மனென்ட். மாதா மாதம் சம்பளம் என்பதை அம்மா அதுவரை அடுத்த வீட்டு விஷயமாகத்தான் கேட்டிருந்தாள்.

சந்தில் யாரும் அப்பாவைத் திட்டவில்லை. முன்பெல்லாம் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றி, பை டூ என்று யாராவது அவரோடு பங்கு போடுவார்கள். இப்போது பெஞ்சைத் துண்டால் துடைத்து, “வாங்க சார், உக்காருங்க” என்று முழு கிளாஸை வைத்தார்கள். அப்பா அதைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருவார். மரியாதை கொடுத்தே ஒரு மனிதனைத் தள்ளிவைக்கலாம் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பா பெரிய ஆளாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் கோப்பை ஆட்டத்தில் கம்பெனியும் சந்தும் மோதின. காலையிலிருந்து மழை. ஊறிய தோல் பந்து கல்லாய்க் கனத்தது. சந்துக்காரர்கள் வெறுங்கால், அப்பாவுக்குக் கம்பெனி கொடுத்த பூட்ஸ். யாரும் கோல் போடாமல் ஆட்டம் முடியும் நேரத்தில் கம்பெனிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தது அப்பா.

எதிரே மாமா. காலையில் இருவரும் எங்கள் வீட்டில் ஒரே சட்டியிலிருந்து கேழ்வரகுக் களி தின்றவர்கள். மைதானத்தில் குடைகள்கூட அசையவில்லை. அப்பா நாலடி ஓடிவந்தார். உதைத்த சத்தம் மட்டும் கேட்டது, பந்தை நான் பார்க்கவில்லை. பார்த்தது மாமாவைத்தான். அந்த மனிதர் தரையை விட்டுப் போய்விட்டார். குறுக்காக, அந்தரத்தில், துணிக்கொடியில் காற்று இழுத்த வேட்டியைப் போல் நீண்டார். ஒற்றைக் கை. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது.

அடுத்த நிமிஷமே எங்கள் சந்துப் பையன் ஒருவன் கோல் போட்டான். ஜனம் மைதானத்துக்குள் ஓடியது. ஓடியவர்கள் மாமாவைத் தாண்டிப் போய் அப்பாவைத் தோளில் தூக்கினார்கள்.

“நெசமாத்தாம்பா உதைச்சேன்” என்றார் அப்பா.

“சரி சரி, எங்களுக்குத் தெரியாதா” என்று கண்ணடித்தார்கள். டீக்கடைக்காரர் ஒரு டீயை இரண்டாக ஊற்றி, பாதியை அவர் கையில் திணித்தார். அதைக் குடித்த பிறகு அப்பா மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சம்பளத்தைக் காலால் உதைத்துத் தள்ளிய மகராசன் என் அப்பா என்று நானும் நம்பினேன். பெருமை தாங்காமல் தோழிகளிடம் சொல்லியும் வந்தேன்.

மாமா வலக்கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, “நீதான் விட்டுக் குடுத்தே” என்று அப்பாவிடம் சொன்னது இதற்கப்புறம்தான். அம்மா துண்டைப் பிரித்தாள். விரல்கள் கத்திரிக்காயாய் வீங்கி, ஒன்று திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற கை.

“இதைக் கொண்டுபோய் வெளியே காட்டட்டுமா?” என்றார் மாமா.

“வேணாம்டா” என்றார் அப்பா. “காட்டினா, நான் உங்களை ஜெயிக்கத்தான் உதைச்சேன்னு தெரிஞ்சிடும். இன்னைக்கு ஒரு நாளாவது என்னைத் தங்களோட ஆளுன்னு நெனச்சிக்கட்டும்.”

மாமா மறுபடி துண்டைச் சுற்றிக்கொண்டார்.

அந்த நேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கம்பெனியின் ஆட்டக் காரியதரிசி. இறங்கவில்லை, விளக்கையும் அணைக்கவில்லை. தப்பட்டை நின்றது. அப்பா மாலையோடு வெளியே போனார். “சம்பளம் எங்களிடம், ஆட்டம் இவர்களுக்கா?” என்று காரியதரிசி கன்னடத்தில் கேட்டார். “நாளையிலிருந்து வரவேண்டாம்.”

பதில் சொன்னது சந்துதான். “எங்க ஆளு சார் அது. எவ்ளோ குடுத்தாலும் எங்க மேல உதைப்பானா?” டீக்கடைக்காரர் அப்பாவின் தோளில் கை போட்டுக்கொண்டே சொன்னார். அன்பால் ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போட்டார்கள். எனக்கோ கை தட்டவேண்டும் போலிருந்தது.

அப்பா தலை நிமிரவில்லை. அம்மா அவரைப் பார்க்கவில்லை, தன் தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்டது, அக்காவின் அடுப்புக்காகவா, தான் தடுத்த பந்துக்காகவா மாமா நகர்ந்தார் என்பதெல்லாம் எனக்குப் புரிய எத்தனையோ வருஷம் பிடித்தது. அன்றைக்கு நான் கண்டது இவ்வளவுதான்: அப்பா கையைப் பிடித்து இழுக்க இழுக்க, மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், துண்டை உதறிவிட்டு, அந்தக் கையை மோட்டார் சைக்கிள் விளக்குக்கு முன்னால் நீட்டினார்.