தம்பியின் எடைக்கு ஓர் ஆள்

எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போவது சுலபம். எதிராளி பார்க்கப் போவதுதான் கஷ்டம்.

என் தம்பி ஹெவிவெயிட் சாம்பியன். பெரிய பட்டணத்துப் பட்டம் இல்லை. ஆரணிக்கு வெளியே ஒரு ரைஸ்மில் இருக்கிறது. நெல் காயும் வேலை ஓய்ந்த பிறகு வருஷத்துக்கு ஒரு முறை அதன் களத்தில் கயிறு கட்டி பாக்சிங் வைப்பார்கள். செய்யாறு, போளூர், வேலூர் என்று சுற்றிலுமிருந்து ஆட்கள் வருவார்கள். ஒல்லிகள் நிறைய. நடுத்தர எடைக்கும் பஞ்சமில்லை. தம்பியின் எடைக்குத்தான் ஆள் கிடையாது. எங்கள் வம்சமே தறிக்குழியில் இறங்கி ஏறிய மெலிந்த உடம்பு. அவன் ஒருவன் மட்டும் நெல் மூட்டையைத் தலையணைபோல் தூக்கி லாரியில் எறிகிறவனாக வளர்ந்துவிட்டான்.

மூன்று வருஷமாக சாம்பியன் பெல்ட் பீரோவில் கிடந்தது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை. பணம் போடுகிற மில் முதலாளி கடைசியில் சொல்லி அனுப்பினார்: இந்த வருஷமும் எதிராளி இல்லையென்றால் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சண்டை போடாதவன் என்ன சாம்பியன்?

எதிராளியைத் தேடுவதும் பணத்தைப் பங்கு பேசுவதும் என் பொறுப்பு. நான் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் வரைகிறவன். குத்துச்சண்டை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவன் அடி வாங்கினால் எனக்கு வலிக்கும் என்பதுதான். ஆனால் வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அப்பா அம்மா போய்விட்டார்கள். எனக்குக் கல்யாணம் நடந்து, அது முடிந்தும் போயிற்று. அந்தக் கதை இங்கே வேண்டாம். அவனுக்குப் பேச வராது. எனக்குப் பேச ஆள் இல்லை. அதனால் போன் போடுகிற வேலை எனக்கு வந்தது.

மில்லின் வழக்கம் இது. பரிசுப் பணம் பத்துப் பங்கு. ஜெயித்தாலும் தோற்றாலும் சாம்பியனுக்கு ஆறு, எதிராளிக்கு நாலு. போனில் கேட்டவர்கள் சிரித்தார்கள்.

"உங்க தம்பிகிட்ட அடி வாங்கறதுக்கு நாலு பங்கா? கட்டு போடவே பத்தாதுங்க" என்றார் ஒருவர்.

இன்னொருவர், "அவருக்கு எதிர்ல லாரியத்தாங்க நிறுத்தணும்" என்று வைத்துவிட்டார்.

கொல்லையில் உத்தரத்திலிருந்து ஒரு சாக்கு மூட்டை தொங்கும். உள்ளே உமி. தம்பி அதைக் குத்திக்கொண்டே சொன்னான்.

"பாதி குடுண்ணா. ஏழு கேட்டாலும் குடு. எனக்கு ஒத்தப் பைசா வாணாம்."

"பணம் வாணான்னா அப்பறம் எதுக்குடா சண்ட?"

"மூணு வருசமா இந்த மூட்டையவே குத்திகினு கீறேன். இது ஒரு தபாகூட திருப்பிக் குத்தலையே."

அப்போதுதான் ஓர் ஆள் தானாகவே போன் செய்தான். செய்யாறு தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. முன்னால் நடுத்தர எடையில் ஆடியவனாம். "இப்ப நான் உங்க தம்பி எடைக்கு வந்துட்டேங்கண்ணா. கூப்ட்டா வரேன்" என்றான்.

வந்தான். மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினார்கள். எண் ஹெவிவெயிட் கோட்டைத் தாண்டியது. கன்னம் உப்பியிருந்தது, சட்டைப் பொத்தான்கள் இழுத்துப் பிடித்தன. தம்பி அவனைச் சுற்றிச் சுற்றி வந்தான். டீ வாங்கிக் கொடுத்தான். பெண் வீட்டார் போல நான் உட்கார்ந்திருந்தேன். தம்பி அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மில் முதலாளி ஒரு காலத்தில் சந்தையில் மாடு பிடித்து விற்றவர். அவர் களத்தில் பங்கு பேசுவது வாயால் அல்ல. மாட்டுத் தரகர்கள்போல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேச வேண்டும். ஒரு விரல் ஒரு பங்கு. துண்டு விழுந்தது. அவன் கையை எடுத்து நாலு விரலைப் பிடித்தேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

அது கனத்த ஆளின் கை இல்லை. என் கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். மணிக்கட்டு எலும்போடு ஒட்டிக்கிடந்தது. எவ்வளவு தின்றாலும் சதை வயிற்றுக்கும் கன்னத்துக்கும் போகும், மணிக்கட்டுக்குப் போகாது. என் விரல்கள் அப்படியே நின்றதை அவன் மறுப்பு என்று நினைத்துக்கொண்டான். என் விரல்களில் நாலைப் பிடித்தான். பிறகு மூன்று. கொஞ்சம் பொறுத்து, இரண்டு. தன் விலையைத் தானே இறக்கிக்கொண்டு வருகிற ஒருவனை நான் அதற்கு முன் தொட்டதில்லை.

துண்டுக்கு மேலே அவன் முகம் அமைதியாக இருந்தது. குனிந்து மெல்லக் கேட்டேன், "எதுக்குப்பா?"

"சாம்பியன் அண்ணனோட ஒரு தபா மேடை ஏறணும். அதுக்குத்தான் நாலு மாசமா துன்னுகினு கீறேன். வேற ஒண்ணுமில்லங்க."

கையை வெளியே எடுத்தேன். "ஒத்துவராதுங்க" என்று முதலாளியிடம் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கதவடைத்து நின்றான்.

"என் சண்டைய நிறுத்த நீ யாருண்ணா?"

"அவன் கை சின்னக் கைடா. நீ ஒரு அடி அடிச்சா தாங்க மாட்டான்."

"அவனே கேட்டுகினு வரான். உனக்கு இன்னா பேஜாரு?"

"அந்த மூட்டையும் அவனும் ஒண்ணுதான். அவனாலயும் திருப்பிக் குத்த முடியாது."

"பரவால்ல. அவன் வந்தான் இல்ல?" என்றான்.

வந்தான்தான். ஆனால் மேடையில் மெதுவாக அடித்தால் களத்து ஜனம் விடாது; வெறி ஏற்றி ஏற்றி அடிக்கவைக்கும். அந்த மணிக்கட்டை நினைத்தால் இன்றைக்கும் ஒத்துவராது என்றுதான் சொல்வேன்.

பெல்ட்டை அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். அந்த மாதமே செய்யாற்றில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்த்துவிட்டது அந்த ஆள்தான். இருவரும் ஒரே அறை, ஒரே ஷிப்ட். ஒருமுறை போனில் சொன்னான்: "சாயங்காலத்துல ரெண்டு பேரும் மொட்ட மாடில ஆடறோம்ணா. சும்மா, மெதுவா. அவன் நல்லாதான் குத்தறான்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. கோபக்காரன் என்றைக்காவது சண்டை போடவாவது வீட்டுக்கு வருவான்.

ஆரணியில் ஆள் ஏற்றிக்கொண்டு போகிற செய்யாறு கம்பெனி பஸ் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். விடுமுறைக்கு ஊருக்கு வந்து, வீட்டுக்கு வராமலே திரும்பிக்கொண்டிருந்தான் தம்பி. ஜன்னலோரம் அவன், பக்கத்தில் பாதி சீட்டில் ஒடுங்கிக்கொண்டு அந்த ஆள். இப்போது இளைத்திருந்தான், சட்டை தொளதொளவென்று. இருவரும் ஒரு பொட்டலத்திலிருந்து எதையோ எடுத்துத் தின்றபடி, ஒருவர் தோளில் ஒருவர் விளையாட்டாகக் குத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான். நானும் தூக்கினேன். இறங்கி வருவான் என்று சாலையைத் தாண்டப் போனேன். அதற்குள் பஸ் புறப்பட்டுவிட்டது.

வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. சேவூர் டவுன் பஸ் வந்து நின்றது, ஏறி உட்கார்ந்தேன். சேவூரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.