பனிக்கு விட்ட லீவு

டீ வந்ததும் விக்டோரியா உடனே குடிக்கமாட்டாள். கண்ணாடி கிளாஸை முதலில் வலது கன்னத்தில் வைப்பாள், பிறகு இடது கன்னத்தில். அப்புறம் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே கண்ணை மூடி நிற்பாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், மெரூன் ஸ்வெட்டரும் காதைச் சுற்றிய மப்ளருமாக ஒருத்தி இப்படி நின்றால் புதிதாக வந்த லாரிக்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். "சிரிச்சிக்கோ நைனா. உள்ள வந்து ஒரு நிமிசம் நின்னு பாரு, பல்லு ஒட்டிக்கும். அப்பாலிக்கா சிரிக்கவே முடியாது" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

உள்ளே என்பது இறால் கம்பெனியின் குளிர் அறை. ஏற்றுமதிக்குப் போகிற இறால் பெட்டிகளை அங்கே அடுக்குவது அவள் வேலை. கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை காலடியில் வழிந்து வரும். நுழைந்ததும் வெளியே கேட்ட சத்தமெல்லாம் அடங்கிப்போகும். பக்கத்தில் நிற்பவள் பேசுவதுகூட அடுத்த ஊரிலிருந்து கேட்கிற மாதிரி இருக்கும். சுவர், கூரை, குழாய் என்று ஓர் இடம் விடாமல் பூப்பூவாகப் பனி படிந்திருக்கும். வருடக்கணக்காக அதற்குள்ளேயே புழங்கிப் புழங்கி அவளுக்குக் கனவும் வெள்ளையாகத்தான் வருகிறது. கனவில் மட்டும் குளிராதாம்.

வீட்டில் நடக்கிற கூத்து தனி. புருஷன் எட்வர்ட் இரும்பு மில்லில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவன். வந்ததும் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபேனை முழு வேகத்தில் போடுவான். இவள் போய் அணைப்பாள். அவன் மறுபடி போடுவான். "ஊட்டுல ஒருத்தர் நெருப்பு, ஒருத்தர் ஐஸு. நடுவுல மாட்டிக்கினு இந்தப் புள்ளதான் முழிக்குது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பிள்ளை ஜெபா, ஆறாம் வகுப்பு படிக்கிறாள்.

எதற்கும் விட்டுக்கொடுத்துப் போகிற விக்டோரியா ஒரே ஒரு விஷயத்தில் கல். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கூடாது. தெருப் பிள்ளைகளெல்லாம் ஆடிக் கூழுக்கு லீவு, மாமன் கல்யாணத்துக்கு லீவு, மாமன் கல்யாணத்தில் தின்றது செரிக்காததற்கு லீவு என்று திரியும். ஜெபா தலைவலி என்று முனகினால் நெற்றியில் தைலத்தைத் தேய்த்து அனுப்பிவிடுவாள். மழைக்கு லீவு விட்ட நாளில்கூட, டிவியில் ஓடுகிற எழுத்தை மகளை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பையை இறக்க விடுவாள்.

காரணம் இருக்கிறது. அவள் ஏழாவது படிக்கும்போது, இறால் சீசனில், "ஒரு நாளு தான்டி, கூட வந்து உரி" என்று அவள் அம்மா இறால் உரிக்கிற ஷெட்டுக்குக் கூட்டிப்போனாள். மறுநாளும் ஒரு நாள்தான் என்றாள். விக்டோரியா தினமும் படுக்கும்போது, "நாளைக்கு ஸ்கூலுக்குப் போவட்டுமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பிள்ளைக்கே இஷ்டமில்லை போல என்று அம்மாவும் விட்டுவிட்டாள். படிப்பை யாரும் பிடுங்கவில்லை. ஒவ்வொரு நாளாக அது கழன்று போய்விட்டது. "எங்கம்மா மேல கோவம் இல்ல. அந்த ஒரு நாளு மேலதான் கோவம்" என்பாள்.

இப்போது பனிக்கு வருவோம். வருடத்துக்கு ஒருமுறை, சரக்கெல்லாம் கப்பலேறி அறை காலியானதும், மெஷினை நிறுத்திச் சுவர்ப் பனியைச் சுரண்டுவார்கள். சுரண்டியதைப் பின்வாசல் மேடைக்குக் கொண்டுவந்து ஷவலால் கீழே தள்ளுவார்கள். தள்ளத்தான் வேண்டும், வீசக் கூடாது. கண்ணில் அடிக்கும், காற்றில் எல்லார் மேலும் பறக்கும். புதிதாக வந்த பெண்கள் யாராவது வீசினால் விக்டோரியாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். வேலிக்காத்தான் புதருக்கு நடுவே, வெறும் மண்ணில், காலை முழுக்க ஒரு வெள்ளை மேடு கிடக்கும். மத்தியானத்துக்குள் கரைந்துவிடும். இறால் வாடை அடிக்கும், அது வேறு விஷயம். ஆனாலும் திருவள்ளூர் மாவட்டத்தில் பனி கொட்டுகிற இடம் அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

அந்தப் பனியைப் பார்க்க வேண்டும் என்று ஜெபா ஒன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிறு கம்பெனிக்கு விடுமுறை, அதனால் சுரண்டுகிற நாள் எப்போதும் பள்ளி நாளில்தான் வரும். "ம்மா, இந்த வாட்டியாவது?" என்பாள். "ஸ்கூலு இன்னா உங்க அப்பன் ஊடா, நெனச்சா போறதுக்கு?" என்று பதில் வரும். போன வருடம் மனசு கேட்காமல் சாப்பாட்டு டப்பாவில் பனியை அமுக்கி அமுக்கி நிரப்பி, பேப்பர் சுற்றி, அதன்மேல் தன் மப்ளரையும் சுற்றிக் கம்பெனி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். யூனிபார்ம்கூட மாற்றாமல் வாசலில் காத்திருந்த ஜெபா ஆசையாகத் திறந்தாள். உள்ளே தண்ணீர். அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு விரலை விட்டுத் தொட்டு, "இன்னும் ஜில்லுனுதாம்மா கீது" என்றாள், அம்மாவைச் சமாதானப்படுத்த. விக்டோரியா சமையல்கட்டுக்குள் போய் அழுதாள்.

இந்தத் தை மாதம், நாளைக்குச் சுரண்டல் என்று சூப்பர்வைசர் துளசிராமன் சொன்ன அன்று, அவளும் வீட்டில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தாள். ஜெபா கணக்கு நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் "சரிம்மா" என்றாள். கேட்கவில்லை. அவ்வளவுதான், விக்டோரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"கேட்டுத் தொலச்சிருந்தா திட்டிட்டுப் படுத்திருப்பேன். கேக்கல பாரு, அதான் பேஜாராப் பூட்சி. நானும் அப்படித்தான் ஒரு நாளு கேக்கறத நிறுத்திக்கினேன்" என்றாள் காலையில், கம்பெனி பஸ்ஸில், கூடப் பெட்டி அடுக்குகிற எல்லம்மாவிடம்.

"இட்டுக்கினு வரவேண்டியதுதானே? ஒரு நாளுல இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத எல்லம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே நல்ல மூடுபனி. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக மரம், மின்கம்பம், பிறகு பள்ளிக்கூடப் பஸ் நிற்கிற நிறுத்தம் வந்தது. அங்கே சிவப்பு ரிப்பன் கட்டின இரட்டைச் சடையோடு ஜெபா நின்று, தினமும் போலவே கம்பெனி பஸ்ஸுக்குக் கை காட்டினாள். விக்டோரியா பஸ்ஸின் தகரத்தை ஓங்கித் தட்டினாள். "நிறுத்துப்பா! யோவ், நிறுத்து!"

ஜெபா ஏறியதும், டீச்சரிடம் பிள்ளைக்கு ஜுரம் என்று சொல்லிவிடச் சொன்னாள் எல்லம்மா. விக்டோரியா கேட்கவில்லை. "டீச்சர், ஜெபா இன்னிக்கு வராது. உடம்புக்கு ஒண்ணுமில்ல. பனி பாக்க இட்டுக்கினு போறேன்" என்றாள் போனில். அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல், "கும்மிடிப்பூண்டியிலயா?" என்று கேட்டது. "ஆமா டீச்சர். நாளைக்கு வந்துடும். நாளைக்குக் கண்டிப்பா வரும். நாளைக்கு நானே கொணாந்து உடறேன்." போனை வைத்த பிறகும் நாளைக்கு, நாளைக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஒரு கை மகளின் புத்தகப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இன்னா விக்டோரியா, இன்னிக்கு ஸ்கூல் இல்லியா?" என்றார் துளசிராமன்.

"மழைக்குக் கலெக்டர் லீவு உடறாரு சார். பனிக்கு நான் உட்டுக்கீறேன்."

அவர் சிரித்துவிட்டார். உள்ளே மட்டும் வரக் கூடாது, பின்பக்கம் வேலியோரம் நிற்கட்டும் என்றார்.

வேலியோரம் பையை மாட்டியபடியே ஜெபா நின்றாள். மேடைக் கதவு திறந்ததும் வெள்ளைப் புகை படியிறங்கி அவள் செருப்பு வரைக்கும் வந்து கலைந்தது. பெண்கள் வரிசையாக நின்று பனியைத் தள்ளத் தொடங்கினார்கள். அது பொத்துப் பொத்தென்று விழுந்தது. ஜெபா குனிந்து தொட்டாள், முகர்ந்து மூக்கைச் சுளித்தாள், மறுபடி தொட்டாள். மேடையில் ஷவலோடு நின்ற அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

விக்டோரியா கட்டியை ஒதுக்கிவிட்டு மாவாக இருந்ததாகப் பார்த்து ஷவல் நிறைய அள்ளினாள். தள்ளவில்லை. இருந்த பலத்தையெல்லாம் கூட்டி மேலே, அப்போதுதான் எட்டிப்பார்த்த வெயிலுக்குள் வீசினாள். "ஐயய்ய, இன்னாக்கா நீயே!" என்று பெண்கள் கத்தினார்கள். அது மேலேயே கொஞ்ச நேரம் தங்கி, மினுமினுத்து, அவசரமே இல்லாமல் இறங்கியது. ரிப்பனில், பையில், நிமிர்ந்த முகத்தில், மூடிய இமைகளில் விழுந்தது.

ஜெபா கண்ணைத் திறந்தாள்.

"ம்மா... இன்னொரு வாட்டி?" என்று கேட்டாள்.

விக்டோரியா காதைச் சுற்றியிருந்த மப்ளரை அவிழ்த்து மேடையில் போட்டுவிட்டு, மறுபடியும் ஷவலை எடுத்தாள்.