நல்லமுத்துவின் கருங்குரங்கு லேகியம்

சித்திரபுரம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் நல்லமுத்து வாரம் முழுக்கத் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வைத்தியர். இளைப்புக்கு அவர் கிண்டும் கருங்குரங்கு லேகியத்துக்கு தொழிலாளர் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஆள் வரும். உண்மையில் மனுஷன் குரங்கின் மேல் ஒரு கல்கூட விட்டெறிந்ததில்லை. ஒருமுறை துப்பாக்கியோடு காட்டுக்குள் போனார். குட்டியை மாரோடு அணைத்த மந்தி ஒன்று பார்த்த பார்வையில் துப்பாக்கியைத் தாழ்த்தித் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து சந்தையில் வாங்கிய கறுப்புக் கிடாதான் லேகியத்தில் குரங்காக வேலை பார்த்தது. கலப்படமில்லை என்பதற்கு அத்தாட்சியாகக் குப்பிக்கு இரண்டு கறுப்பு மயிரை அவரே பொறுக்கிப் போடுவார். மயிர் இல்லாத குப்பியை யாரும் தொட மாட்டார்கள்.

ரகசியம் மனைவி ராமுத்தாய்க்கும் தெரியாது. பெண்கள் பார்த்தால் மருந்து பலிக்காது என்று சொல்லி, லேகியம் கிண்டும் கொட்டில் பக்கமே விடமாட்டார். குளிர் வந்தால் மூச்சுக்குத் தவித்துச் சுவரோரம் சுருண்டு கிடந்தவள், அந்த லேகியத்தைத் தின்று நாலு வருஷமாக மலையேறிக் கொழுந்து கிள்ளுகிறாள்.

1976-இல் ஒரு நாள் வனத்துறை ரேஞ்சரின் ஜீப் வந்தது. காட்டு மிருகத்தைக் கொன்றால் ஜெயில் என்று சட்டம் வந்து மூன்று வருஷம். அது மலையேறி வர அவ்வளவு நாள் பிடித்தது. லயமே கூடி நிற்க, ரேஞ்சர் குப்பியிலிருந்து மயிரைக் குச்சியால் தூக்கி, இதைவிடச் சாட்சி வேண்டுமா என்றார். நல்லமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஜெயிலுக்குப் போனால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

"ஆட்டுக்கெடாங்கய்யா. மயிரு நான் போட்டது," என்றார். புதைத்து வைத்திருந்த கொம்புகளையும் தோண்டிக் காட்டினார். ரேஞ்சரோடு வந்த ஃபாரஸ்ட் கார்டின் முகம்தான் விழுந்துபோயிற்று. அவர் வீட்டில் இரண்டு குப்பி இருந்தது.

ஜீப் போனதும் லயம் நல்லமுத்துவைக் கொண்டாடியது. கொம்பைக்கூட முன்கூட்டியே புதைத்து வைத்து ஆபீசரை ஏமாற்றிவிட்டாரே, என்ன மூளை என்று பக்கத்து வீட்டுச் சுடலை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். கேட்டு வருகிறவர்கள் இரண்டு மடங்கானார்கள்.

அவர் சொன்னதை நம்பியவள் ராமுத்தாய் ஒருத்திதான். இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குப் புருஷன் எப்போது நிஜம் பேசுகிறார் என்று தெரியாதா? அந்த வாரமே அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. நல்லமுத்து பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினார்.

"ஜெயிலுக்குப் பயந்துதான் ஆடுன்னு சொன்னேன் ராமு. கொரங்குதான். ஒரு வாய் சாப்பிடு."

அவள் மூச்சு வாங்கியபடி அவர் முகத்தையே பார்த்தாள்.

"ஆடுதாங்க," என்றாள்.

குப்பி வாங்க வாசலில் ஆறு பேர் நின்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப் கிடைக்குமா என்று வைத்தியர் அவர்களிடம் கேட்டார்.