வலது கண்ணுக்கு மேல் ஒரு பிளாஸ்திரி

போன வருடம் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்கள் சேவைச் சங்கம் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தியது. நான் சங்கத்தில் சேர்ந்து மூன்றே மாதம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பேட்ஜ் குத்திக்கொண்டு போட்டோவில் நிற்கும் ஆசையில்தான் சேர்ந்தேன்.

ராயபுரத்தில் துறைமுக ஊழியர்கள் சிலர் ஒரு காலத்தில் தொடங்கிய சங்கம் இது. அவர்கள் நடத்திய முதல் முகாமில், ஆபரேஷன் முடிந்த ஒரு பெரியவரை மறந்து ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வண்டி திரும்பிவிட்டதாம். அன்றிலிருந்து ஒரு விதி. நோயாளியின் பெயரை யார் எழுதுகிறாரோ, அவரேதான் கூடப் போய், திரும்ப வீடுவரை கொண்டுவந்து விட வேண்டும். எனக்கோ அன்று மாலை நாத்தனார் வீட்டில் விசேஷம். 'இது என்ன தலைவலி' என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பெயர் எழுத உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷனுக்கென்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கும் கண்ணுக்கு மேலே, நெற்றியில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டுவதும் என் வேலை. கடைசியாக வந்தவர் நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் ஒரு அம்மா. வலது கண்ணில் புரை. இடது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. போனைக் காதில் இடுக்கி நாத்தனாரோடு பேசியபடியே ஒட்டினேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார். எழுந்து போய் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பஸ் கிளம்பிய பிறகு சீட்டுகளைச் சரிபார்த்தேன். அவருடையதில் 'வலது' என்றிருந்தது. பகீரென்றது. எதிரே இருப்பவரின் வலது எனக்கு இடது பக்கம் அல்லவா? நான் என் வலது கைப் பக்கமாக ஒட்டித் தொலைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் மறுபடியும் பரிசோதிப்பார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஐயோ, நல்ல கண்ணில் கத்தி வைத்துவிடுவார்களே என்று ஓடுகிற பஸ்ஸில் தட்டுத்தடுமாறிப் பின் சீட்டுக்கு ஓடினேன்.

பிளாஸ்திரி வலது கண்ணுக்கு மேல் ஒழுங்காக இருந்தது!

"நான்தான் பிச்சி மாத்தி ஒட்டிக்கினேன்," என்றார் அவர், என் காதோரமாக. "அங்க உங்க ஆளுங்க சுத்தி நின்னுகினு இருந்தாங்கோ. உன்ன எதுனா சொல்லிட்டா மூஞ்சி வாடிப்பூடும்ல?"

"என்னை நல்லா நாலு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா..."

"அத்த வுடு. எனக்கு ஊசின்னாதான் பேஜாரா கீது. நீ எங்கயும் பூடாத, இன்னா?"

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஐஸிலும் உப்பிலும் காய்த்துப்போன கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. விசேஷமாவது ஒன்றாவது! அவரை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப்போகும்வரை அந்தக் கையை நான் விடவில்லை.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மே, இம்மாம் பவுடரா அப்பிக்கினு கீற!"

வார்டே சிரித்தது.

அவரை வீட்டில் விட்டபின், சங்கக் கூட்டத்தில் எழுந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பேட்ஜைக் கழற்றி வாங்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். தலைவரோ, எந்தக் கண் என்று நோயாளிகளையே கையால் தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டு இனிமேல் ஒட்டுவோம் என்றார். இப்போது அதுவும் எங்கள் விதிகளில் ஒன்று.

தன் நல்ல கண்ணே போகும்படி நான் தவறு செய்த நேரத்திலும் என் முகம் வாடக் கூடாது என்று நினைத்த அந்த அம்மாவை நினைத்தால், நான் செய்வதைச் சேவை என்று சொல்லிக்கொள்ள இன்றும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.