ஒரு கதைக்கு ஒரு ரீலோட் கார்ட்

இன்று காலை ஒரு தொண்டு நிறுவனத்துப் பிள்ளை படிவத்தோடு ஆரையம்பதியில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சுனாமியிலும் யுத்தத்திலும் பட்டதைச் சொன்னால் எழுதிக்கொள்வார்களாம்.

"அக்கா, உங்கட கதை உங்களுக்குத்தான் சொந்தம். சும்மா கேக்கமாட்டம். போனுக்குக் காசு போடுற ரீலோட் கார்ட் ஒண்டு தருவம்" என்றாள்.

இத்தனை வருடமாக வந்தவர்கள் எல்லோரும் சும்மாதான் கேட்டுவிட்டுப் போனார்கள். சொந்தம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

அதனால் மறைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். கடல் வந்தபோது பெரியம்மாவின் கையை விட்டுவிட்டு, என் தையல் மெசினைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மெசின் இன்னும் இருக்கிறது. பெரியம்மா இல்லை.

அவள் எழுதுவதை நிறுத்தி, பழைய தாள்களைப் புரட்டினாள்.

"அக்கா, இதையேதான் நேற்று பக்கத்து வீட்டு ராணியக்காவும் சொன்னவ. ஒரே கதைக்கு ரெண்டு தரம் தர ஏலாது."

கள்ளியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

சுனாமி முகாமில் நானும் ராணியும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். அவளிடம் மட்டும்தான் இதைச் சொல்லி அழுதிருக்கிறேன். அவளுக்கு ஊசியில் நூல் கோர்க்கவே தெரியாது.

வேலியடியில் போய் ராணியைக் கேட்டேன்.

"நீங்க ஒருத்தருக்கும் சொல்லமாட்டீங்கதானே அக்கா. சும்மா கிடந்த கதைதானே" என்றாள்.

ஆகவே இங்கே எழுதிவிட்டேன். இனி இதை யாரும் விற்க முடியாது. வேண்டியவர்கள் இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கையை விட்டது நான் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.