பத்து ரூபாயில் இரண்டு கைகள்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பேன். பத்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆட்களோடு பேச எனக்கு வராது. எழுதிக் கொடுத்ததை அடித்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்ளலாம் என்பதால்தான் இந்த வேலை பிடித்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் டவுன் பஸ் ஏறி, திருவேங்கடம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போவேன். அண்ணன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். ஊரில் அது ஒன்றுதான் கடை. டவர் சரியாகக் கிடைக்காது, அதனால் போனில் பணம் அனுப்புகிற பழக்கம் இன்னும் வரவில்லை. ஞாயிறு காலை அண்ணன் காட்டில் வெள்ளாமையைப் பார்க்கப் போவார், கடையில் நான் உட்காருவேன்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அச்சகத்துக்கு வந்தார். தினமும் வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர். அரசியலமைப்பு நாளுக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்க விளையாட்டு ரூபாய் நோட்டு வேண்டும், ஒவ்வொரு நோட்டிலும் சட்டத்தின் ஒரு பிரிவு இருக்க வேண்டும் என்றார்.

"புத்தகத்த யாரு சார் பிரிக்கா? ரூவா நோட்டு போகாத வீடு உண்டா? கவர்மெண்டே நோட்ட இப்படி மாத்தி அடிச்சா, கொஞ்ச நாள்ல ஊருக்கே சட்டம் மனப்பாடம் ஆயிரும்."

உள்ளேயிருந்து அச்சக முதலாளி சிரித்தார். "அடிங்க டீச்சர். கள்ளநோட்டுன்னு யாரும் வந்து நின்னா இவரு வாயத் தொறக்க மாட்டாரு. நாந்தான் கம்பி எண்ணணும்."

அதனால் நிஜ நோட்டைவிடப் பெரிதாக வைத்து, 'விளையாட்டு நோட்டு, செல்லாது' என்று மேலே போட்டேன். நூறு ரூபாயில் 'இந்திய மக்களாகிய நாம்' என்று பெரிய எழுத்து. ஐம்பதில் பள்ளிக்கூடப் பை. இருபதில் மை வைத்த விரல். பத்து ரூபாய்க்கு டீச்சரே ஒரு பிரிவைச் சொன்னார். "அதான் நெறையக் கை மாறும். அதுல பதினேழாவது பிரிவப் போடுங்க, தீண்டாமை ஒழிப்பு."

அதற்கு என்ன படம் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கும் படங்களில், மாப்பிள்ளையும் பெண்ணும் கை பிடிக்கும் படத்தை எடுத்தேன். வளையலை அழித்தேன், மருதாணியை அழித்தேன். கைகளைக் கொஞ்சம் விலக்கி நடுவில் ஒரு நோட்டை வைத்தேன். ஒரு கை கொடுக்கிறது, ஒரு கை வாங்குகிறது. இத்தனை வருடத்தில் நானாக யோசித்துச் செய்த வேலை அது ஒன்றுதான்.

விழாவன்று லீவு போட்டுவிட்டு நானே நோட்டுக் கட்டைக் கொண்டுபோனேன். பள்ளிக்கூட வராந்தாவில் வகுப்புக்கு ஒரு கடை. ஐந்தாம் வகுப்புக் கடையில் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். அட்டையில் செய்த தராசு, கடலை மிட்டாய், முறுக்கு, பென்சில். அவளுக்கு முன்னால் பெஞ்சின் மேல் ஒரு பிஸ்கட் டப்பா மூடி. அது எங்கள் கடை மூடி.

எங்கள் கடையில் எங்கள் தெருக்காரர்கள் காசைக் கையில் கொடுப்பார்கள். காலனிக்காரர்கள் அந்த மூடியில் வைப்பார்கள். மீதிச் சில்லறையும் மூடியில்தான் விழும். போர்டு எதுவும் கிடையாது, யாரும் சொல்வதும் கிடையாது. அப்பா காலத்தில் ஒரு கல் கிடந்தது, அண்ணன் மூடி வைத்தார். ஞாயிறுதோறும் நானும் அப்படித்தான் செய்தேன். யாராவது மறந்து கையை நீட்டினால் தாடையை லேசாகத் தூக்கி மூடியைக் காட்டுவேன், அவ்வளவுதான். தீண்டாமை பாவம், குற்றம் என்று எங்கள் பாடப்புத்தகத்தில் முன்பக்கமே அச்சடித்திருந்ததைச் சத்தம் போட்டுப் படித்தவன்தான் நான்.

எங்கள் தெருப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். அண்ணன் மகள் கையில் நோட்டை வாங்கிக்கொண்டு, "சில்லற இல்லட்டி, மிட்டாயா எடுத்துக்க" என்று பெரிய வியாபாரி மாதிரி சொன்னாள். அடுத்து வந்தவள் காலனிப் பெண். அவளும் அண்ணன் மகளும் வகுப்பில் ஒரே பெஞ்ச். காலையில் பிரேயருக்குத் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றவர்கள். அவள் பத்து ரூபாயை நீட்டினாள். அண்ணன் மகள் அதை வாங்காமல் தாடையை லேசாகத் தூக்கினாள். நான் தூக்குவது போலவே.

அந்தப் பிள்ளை நோட்டை மூடியில் வைத்தது. நோட்டிலிருந்த இரண்டு கைகளும் மேலே பார்த்துக் கிடந்தன.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அட, தட்டெல்லாம் வச்சு நெசக் கடை மாதிரியே நடத்துறாளே! யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"எங்க சித்தப்பா" என்றாள்.

டீச்சர் என்னைப் பார்த்துக் கை தட்டினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த எங்கள் தெருக்காரர்கள் சிரித்தார்கள். வேப்பமரத்தடியில் நின்ற காலனிக்காரர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். எழுந்துபோய் அந்த மூடியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். மிச்சமிருந்த நோட்டுகளை எண்ண ஆரம்பித்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "ஏட்டி, அவ ஒன் பக்கத்துலதான இருக்கா? பெறவு அவளுக்கு எதுக்கு மூடி?"

"அது கிளாஸு சித்தப்பா. இது கடைல்லா?" என்றாள். இதுகூடத் தெரியாதா என்பது போல் என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் கடையில் அண்ணனிடம் ஆரம்பித்தேன். "அண்ணே, அந்த மூடி..."

"மூடிக்கு என்னலே?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். "துருப்பிடிச்சுப் போச்சு" என்றேன்.

"ஆமா, மாத்தணும்" என்றார்.

அடுத்த ஞாயிறு போனபோது புது மூடி இருந்தது. பளபளவென்று, விளிம்பில் பூப்போட்டது. அண்ணன் எனக்காகவே வாங்கியிருந்தார்.

அன்றைக்கு அண்ணன் காட்டுக்குப் போகவில்லை. உள்ளே அரிசி மூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளையின் அம்மா வந்து பருப்பும் எண்ணெயும் கேட்டாள். பொட்டலத்தை எடுத்து வைத்துவிட்டு, கையை நீட்டினேன். இரண்டு ராத்திரி யோசித்து வைத்திருந்த கை.

அவள் நோட்டைக் கொடுக்கவில்லை. உள்பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"கைய மடக்குங்க மொதலாளி" என்றாள் மெதுவாக. "நீங்க நாளைக்குப் பஸ் ஏறிப் போயிருவீக. எங்களுக்கு இந்தக் கடைய விட்டா வேற கடை இல்ல."

"யாருலே அது?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கேட்டார்.

நான் கையை மடக்கினேன். அவள் நோட்டைப் புது மூடியில் வைத்தாள். மீதிச் சில்லறையை நானும் அதிலேயே வைத்தேன், சத்தம் வராமல்.